முதல் மூன்று சுற்றில் யாரை எடுப்பது? ஃபேன்டஸி பேஸ்பால் டிராஃப்டுக்கு ஒரு கணக்கு

நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பங்கிட்டு (இதுதான் டிராஃப்ட்), அவர்கள் களத்தில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவது ஃபேன்டஸி பேஸ்பால். அந்த டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் விழுந்தால், கூட இருப்பவர்கள் எல்லோரும் பொறாமையோடு பார்ப்பார்கள். அந்தப் பொறாமையில் பாதிதான் நியாயம். பன்னிரண்டு அணி லீக்கில் வரிசை ஒரு சுற்றில் 1-லிருந்து 12 வரை போய், அடுத்த சுற்றில் 12-லிருந்து 1-க்குத் திரும்பும். அதனால் முதல் ஆளை எடுத்தவருக்கு அடுத்த முறை வருவது 24-வது, 25-வது ஆளுக்குத்தான். நடுவில் 22 பேர் போயிருப்பார்கள். கிரிக்கெட் ஃபேன்டஸி ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய வித்தியாசம். அங்கே ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஆரன் ஜட்ஜை ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற பதினொரு பேருக்கும் அந்த சீசன் முழுக்க அவர் கிடையாது.

ஆகவே 'யார் சிறந்தவர்' என்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதாது. இவரை இப்போது விட்டால், இவர் தருவதை நூறாவது ஆளிடமோ இருநூறாவது ஆளிடமோ வாங்க முடியுமா என்று கேட்க வேண்டும். வாங்க முடியும் என்றால் முதல் சுற்றை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

நான் பேசுவது பரவலாக ஆடப்படும் ரோட்டிசரி முறை. பேட்டிங்கில் ஐந்து பிரிவு: ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டீல் (பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), சராசரி (ஆடிய முறைக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்). பந்துவீச்சில் ஐந்து: வெற்றி, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார்), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை ஹிட், எத்தனை வாக் விட்டார்; வாக் என்றால் நான்கு தவறான பந்துக்கு பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் பேஸ்), சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது). ஒவ்வொரு பிரிவிலும் முதல் அணிக்கு 12 புள்ளி, கடைசி அணிக்கு 1. ஒரே பிரிவில் இமயத்தைத் தொட்டாலும் 12-க்கு மேல் தரமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் உச்சியில் இருக்கும் இரண்டு பேர். 2025-ல் ஜட்ஜ் அடித்தது 53 ஹோம் ரன், 137 ரன், 114 ஆர்.பி.ஐ., 12 ஸ்டீல், சராசரி .331. ஷோஹெய் ஓடானி 55 ஹோம் ரன், 146 ரன், 102 ஆர்.பி.ஐ., 20 ஸ்டீல், சராசரி .282. நான்கு பிரிவைப் பார்த்தால் ஏறத்தாழ சமம். கொஞ்சம் இவர் கூட, கொஞ்சம் அவர் கூட. ஐந்தாவது பிரிவில்தான் பிரிகிறார்கள். சராசரி என்பதால் பலரும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும்.

ஜட்ஜ் 541 முறை ஆடி 179 ஹிட் அடித்தார். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் பொது சராசரி .245 பக்கம் இருந்த வருடம் அது. சாதாரண ஆட்டக்காரர் அதே 541-ல் 133 ஹிட் அடித்திருப்பார். ஆக ஜட்ஜ் கூடுதலாகக் கொண்டுவந்தது 46 ஹிட். உங்கள் அணியின் பேட்டர்கள் எல்லோரும் சேர்ந்து வருடத்தில் சுமார் 7,000 முறை ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் ஒருவரே அணியின் சராசரியை .0066 உயர்த்துகிறார். ஓடானி 611 முறை ஆடி 172 ஹிட், அவர் உயர்த்துவது .0032 அளவுக்குத்தான். செப்டம்பரில் சராசரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், நடுவில் இருக்கும் ஐந்தாறு அணிகள் .251, .252, .254 என்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கடியில் .0034 என்பது இரண்டு மூன்று இடம்.

இன்னொன்று, ஓடானி பேட்டராக வருவது யுடிலிட்டி (எந்த பேட்டரையும் வைக்கக்கூடிய பொது) இடத்துக்கு மட்டும். அந்த இடம் பூட்டிக்கொண்டால், ஜூலையில் வெய்வரில் (யார் அணியிலும் இல்லாதவர்களின் பட்டியலில்) நல்ல பேட்டர் ஒருவர் கிடைக்கும்போது உட்காரவைக்க இடம் இருக்காது. அதனால் சாதாரண ரோட்டிசரி லீக்கில் என் ஓட்டு ஜட்ஜுக்கு. வயது 2026 ஏப்ரலில் 34 ஆகிறது, 2023-ல் டாட்ஜர் ஸ்டேடியத்தில் சுவரில் மோதிக் கால் விரலின் தசைநாரைக் கிழித்துக்கொண்டு 106 ஆட்டத்தோடு நின்றவர் என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் உங்கள் தளம் ஓடானியை எப்படி நடத்துகிறது என்பதை டிராஃப்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். யாஹூவில் பேட்டர் ஓடானியும் பிட்ச்சர் ஓடானியும் தனித்தனி ஆட்கள். இரண்டையும் வேண்டுமானால் இரண்டு முறை எடுக்க வேண்டும். அவரை ஒரே ஆளாக வைத்து, பேட்டிங் பந்துவீச்சு இரண்டையும் கணக்கில் சேர்க்கும் லீக் என்றால் பேச்சே இல்லை, ஓடானிதான் முதல் ஆள். 2025 ஜூனிலிருந்து அவர் மறுபடி பந்து வீச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த பேச்சு மூன்றிலிருந்து எட்டு வரை. எனக்கு இதுதான் டிராஃப்டின் ருசியான பகுதி. பாபி விட் ஜூனியர், ஹோசே ராமிரெஸ், ஹுவான் சோட்டோ, எல்லி டி லா குரூஸ். நான்கு பேரும் பவரும் வேகமும் சேர்ந்தே தருபவர்கள். யாரை முதலில் எடுப்பது?

விட்டும் ராமிரெஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். 2025-ல் விட்: .295, 23 ஹோம் ரன், 38 ஸ்டீல், 88 ஆர்.பி.ஐ., 99 ரன். ராமிரெஸ்: .283, 30 ஹோம் ரன், 44 ஸ்டீல், 85 ஆர்.பி.ஐ., 103 ரன். ஐந்தில் மூன்றில் ராமிரெஸ் முன்னால். ஆனாலும் டிராஃப்டில் விட் பெயர்தான் முதலில் வரும். காரணம் 2024: .332 சராசரியோடு பேட்டிங் பட்டம், 32 ஹோம் ரன், 31 ஸ்டீல், 109 ஆர்.பி.ஐ., 125 ரன். 2000-ல் பிறந்தவர், இன்னும் வளர்வார் என்ற நம்பிக்கை வேறு. நம்பிக்கை தப்பில்லை. அடுத்த வருடத்துக்கும் ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளும் கீப்பர் லீக் என்றால் நானும் விட்டைத்தான் எடுப்பேன்.

ஒரே வருட லீக்கில் அப்படியில்லை. ராமிரெஸ் 2021-லிருந்து 2025 வரை எல்லா வருடமும் 150 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். 2024-ல் 39 ஹோம் ரன், 41 ஸ்டீல்; 40-40-க்கு ஒரே ஒரு ஹோம் ரன் பாக்கி இருக்கும்போது கிளீவ்லாந்தில் கடைசி நாள் ஆட்டத்தை மழை கொண்டுபோய்விட்டது. (மனுஷன் அதற்காக ஒரு வார்த்தை முனகியதாகத் தெரியவில்லை. நாம்தான் இன்னும் முனகுகிறோம்.) அப்புறம் களத்தில் நிற்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது; ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) விட்டைத் தவறவிட்டால் டி லா குரூஸ், பிரான்சிஸ்கோ லிண்டோர், கன்னர் ஹெண்டர்சன், ட்ரே டர்னர் என்று வரிசை நீளும். 2025-ல் லிண்டோரே 31 ஹோம் ரன்னும் 31 ஸ்டீலும் எடுத்தார். மூன்றாம் பேஸில் அந்த ஆழம் கிடையாது. ஜூனியர் கமினேரோ 45 ஹோம் ரன் அடிப்பார், ஸ்டீல் தரமாட்டார். பவரும் வேகமும் ஒரே உடம்பில் இருக்கும் மூன்றாம் பேஸ்காரர் என்று தேடினால் ராமிரெஸுக்கு அடுத்த பெயர் வெகு கீழே இருக்கிறது. விட் மூன்றாவதாகவும் ராமிரெஸ் ஆறாவது ஏழாவதாகவும் போகும் டிராஃப்ட் என்றால், ஏழாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அதிர்ஷ்டசாலி.

சோட்டோ விஷயம் கொஞ்சம் சிக்கல். 43 ஹோம் ரன், 120 ரன், 105 ஆர்.பி.ஐ. எல்லாம் அவரிடம் எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காதது 38 ஸ்டீல். அதற்கு முன் ஒரு வருடத்தில் அவர் எடுத்த அதிகபட்சம் 12. கால் வேகத்தில் அவர் சராசரிக்கும் கீழே. பிட்ச்சரின் அசைவைப் படித்து, நேரம் பார்த்து ஓடியவர். அவருக்குத் துணையாக நின்ற முதல் பேஸ் பயிற்சியாளர் ஆன்டோன் ரிச்சர்ட்சன் அந்த சீசனுக்குப் பிறகு சோட்டோவின் அணியான மெட்ஸை விட்டுப் போய்விட்டார். 38 திரும்ப வரும் என்று விலை கொடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். 15 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்; சராசரியும் .263-க்கு இறங்கியிருந்தது. அந்தக் கணக்கிலும் அவர் முதல் சுற்று ஆள்தான், ஆனால் மூன்றாவது இல்லை, எட்டாவது ஒன்பதாவது.

டி லா குரூஸ் எல்லோரையும் மயக்குகிறவர். 2024-ல் 67 ஸ்டீல், மேஜர் லீக்கிலேயே அதிகம். கூடவே 218 ஸ்ட்ரைக்அவுட், அதுவும் லீக்கிலேயே அதிகம். 2025-ல் ஸ்டீல் 37 ஆனது. எல்லா ஆட்டமும் ஆடினார், 22 ஹோம் ரன், 102 ரன் எல்லாம் குறையில்லை. ஆனால் அவரை நான்காவதாக எடுத்தவர்கள் 67-க்குத்தான் காசு கொடுத்தார்கள்.

இங்கே வேகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2023-ல் மேஜர் லீக் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது, பிட்ச்சர் ரன்னரைப் பிடிக்கத் திரும்பி எறிவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 2022-ல் மொத்தம் 2,486 ஆக இருந்த ஸ்டீல் 2023-ல் 3,503 ஆனது. முன்பு முதல் சுற்றில் வேகம் வாங்காதவர் வருடம் முழுக்கத் தேடி அலைய வேண்டும். இப்போது அப்படியில்லை. 2025-ல் அதிக ஸ்டீல் எடுத்தவர் யார் தெரியுமா? ஹோசே கபாயேரோ, 49. வருடத் தொடக்கத்தில் டாம்பா பே, முடிவில் யாங்கீஸ், பல நாள் பெஞ்சில். பெரும்பாலான லீக்குகளில் அவரைக் கடைசியிலோ டிராஃப்டுக்குப் பிறகு சும்மாவோ எடுத்திருக்கலாம். சாண்ட்லர் சிம்ப்சன் 44 ஸ்டீல், ஒரு ஹோம் ரன்கூட இல்லை. வேகம் மட்டும் வேண்டுமென்றால் கடைசி சுற்றுகளில் கிடைக்கிறது. ஹோம் ரன் மட்டும் வேண்டுமென்றாலும் .220 அடிக்கும் முரட்டு பேட்டர்கள் நடுச் சுற்றுகளில் நிறைய. கிடைக்காதது இரண்டும் சேர்ந்து, சராசரியையும் கெடுக்காமல் வருவது. 2025-ல் தேசிய லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) முழுக்க .300 தாண்டிய, பட்டியலுக்குப் போதிய முறை ஆடிய பேட்டர் ட்ரே டர்னர் ஒருவர்தான், அதுவும் .304. கைல் ஷ்வார்பர் 56 ஹோம் ரன், 132 ஆர்.பி.ஐ. அடித்தும் முதல் சுற்றில் நான் தயங்குவதற்கு அந்த .240தான் காரணம்.

ரொனால்ட் அக்குன்யா ஜூனியரையும் இங்கேயே பேசிவிடலாம். 2023-ல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல், .337. அடுத்த வருடம் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதல் பெயர் அவருடையது. 2024 மே மாதம் பிட்ஸ்பர்கில் ஓடும்போது இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. மொத்தம் 49 ஆட்டம். வலது முழங்காலில் 2021-லேயே அதே காயம் பட்டவர். 2025 மே கடைசியில் திரும்பி வந்து 95 ஆட்டத்தில் .290, 21 ஹோம் ரன் அடித்தார். பேட் அப்படியே இருக்கிறது. ஸ்டீல் ஒன்பது. பழைய 73-ஐ மறந்துவிட்டு, பேட்டுக்காக மட்டும் எடுக்க மனம் வந்தால் எடுங்கள். அவரை எடுத்தால் இரண்டாம் சுற்றில் ஒழுங்காக 155 ஆட்டம் ஆடும் ஒருவரை எடுத்தே ஆக வேண்டும். முதல் இரண்டு பேருமே காயப் பேர்வழிகள் என்றால் ஜூன் மாதம் தூக்கம் வராது.

சரி, பிட்ச்சர். முதல் சுற்றில் டாரிக் ஸ்கூபலை எடுக்கலாமா?

எடுக்கலாம் என்பவர்கள் கையில் வலுவான கணக்கு இருக்கிறது. 2025-ல் 195 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.21, 241 ஸ்ட்ரைக்அவுட், விப் 0.89. அந்த இன்னிங்ஸை 3.90 தரும் சுமாரான ஒருவர் வீசியிருந்தால் கூடுதலாக 37 ரன் போயிருக்கும். அணி மொத்தம் 1,300 இன்னிங்ஸ் வீசினால், ஸ்கூபல் ஒருவரே இ.ஆர்.ஏ.வைக் கால் புள்ளி குறைக்கிறார். இந்த அளவுக்கு ஒரு பிரிவை ஒற்றை ஆளாக அசைக்கும் பேட்டர் இல்லை. அவரும் பால் ஸ்கீன்ஸும் காரெட் குரோஷேயும் ஒரு பக்கம், மற்ற பிட்ச்சர்கள் இன்னொரு பக்கம் என்றுதான் 2025 முடிந்தது.

வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே ஒரு பட்டியல் போதும். 2020-லிருந்து 2023 வரை மேஜர் லீக்கின் இரண்டு பாதியிலும் சை யங் விருது (ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்குத் தருவது) வாங்கியவர்கள் எட்டுப் பேர். விருதுக்குப் பிறகு முழங்கைக்கு டாமி ஜான் அறுவை செய்துகொண்டவர்கள்: ஷேன் பீபர், ராபி ரே, கார்பின் பர்ன்ஸ், சாண்டி அல்காண்டரா, கெரிட் கோல். எட்டில் ஐந்து. விருது வாங்கும் அளவுக்கு வீசிய கைதான் அடுத்து உடைகிறது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023-ல் 281 ஸ்ட்ரைக்அவுட், 20 வெற்றி. 2024-ல் அவரை முதல் சுற்றில் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டே ஆட்டம்.

அது போதாதென்று வெற்றி என்ற பிரிவு இருக்கிறதே, அதில் அநியாயம் அதிகம். ஸ்கீன்ஸ் 2025-ல் 1.97 இ.ஆர்.ஏ.வோடு சை யங் வாங்கினார். அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. பிட்ஸ்பர்க் அணி அவருக்கு ரன் அடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பாஸ்டனில் இருந்த குரோஷேவுக்கு 2.59-லேயே 18 வெற்றி. இரண்டு பேரில் ஒருவர் என்று வந்தால் ரோட்டிசரியில் நான் குரோஷேயைத்தான் எடுப்பேன்: 205 இன்னிங்ஸ், 255 ஸ்ட்ரைக்அவுட், பின்னால் ஒரு நல்ல அணி. 2025-ல் 200 இன்னிங்ஸ் தாண்டியவர்களே மூன்று பேர்தான், அதில் அவர் ஒருவர்.

என் முடிவு இது: முதல் சுற்றில் பிட்ச்சர் இல்லை, இரண்டாம் சுற்றில் இந்த மூவரில் ஒருவர் தப்பித் தவறி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னும் சுலபம். 12, 13 இரண்டும் அடுத்தடுத்து அவருடையவை. ஒரு பேட்டர், ஒரு பிட்ச்சர் என்று ஜோடியாக எடுத்துவிடலாம். அவருக்கு அடுத்த முறை 36-ல்தான் வரும் என்பதால், அதுவரை பிட்ச்சர் காத்திருப்பார் என்று நம்பினால் கிடைப்பது ஐந்தாம் ஆறாம் தரம்தான். 13-ல் கார்பின் கேரல் மாதிரி 31 ஹோம் ரன், 32 ஸ்டீல் ஆள் இருந்தால் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில் இரண்டு பேட்டர் எடுத்து ஜெயித்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான்கைந்து சுற்று பிட்ச்சர்களைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்), க்ளோஸர் (கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்து சேவ் எடுக்கும் பிட்ச்சர்) இரண்டும் சட்டென்று முடிகிற பேச்சு. கால் ராலி 2025-ல் 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சர் ஒருவர் அதற்கு முன் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் சால்வடோர் பெரெஸின் 48. அந்த .247 சராசரியும் அவருடைய உச்சம்தான், முந்தைய வருடம் .220. எல்லாம் ஒன்றாகக் கூடி வந்த ஒரு வருடத்தை அடுத்த வருட விலையாகக் கொடுக்கக் கூடாது. ஒரு கேட்சர் மட்டும் வைக்கும் லீக்கில் இரண்டாம் சுற்றில் அவரை யாராவது எடுத்தால் மனதுக்குள் நன்றி சொல்லுங்கள். இரண்டு கேட்சர் வைக்க வேண்டிய லீக்கில் கதை மாறும், அங்கே இருபதாவது இடத்தில் நானும் எடுப்பேன். க்ளோஸர் முதல் மூன்று சுற்றில் கூடவே கூடாது. எட்வின் டியாஸ் 2022-ல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், 1.31 இ.ஆர்.ஏ. என்று மிரட்டியவர். 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் புவெர்ட்டோ ரிக்கோ ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் போய், அந்த வருடம் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை.

டியாஸுக்கு நடந்தது மார்ச்சில். கோல் 2025-ல் அறுவைக்குப் போனதும் மார்ச்சில். பிப்ரவரியிலேயே டிராஃப்ட் முடித்த லீக்குகள் இரண்டு முறையும் தலையில் கை வைத்தன. தேதி உங்கள் கையில் இருந்தால் சீசன் தொடங்குவதற்கு முந்தைய வார இறுதிக்குத் தள்ளிவையுங்கள்.

இதுவரை சொன்னது ரோட்டிசரிக்கு. சராசரிக்குப் பதில் ஓ.பி.பி. (ஹிட்டோ வாக்கோ, பேட்டர் பேஸை எட்டும் விகிதம்) எண்ணும் லீக்கில் சோட்டோ இரண்டு மூன்று படி மேலே ஏறுவார்: 2025-ல் 127 வாக், .396. ஷ்வார்பரும் மேலே வருவார், டி லா குரூஸ் இறங்குவார். பாயின்ட்ஸ் லீக்கில் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் புள்ளி உண்டு என்பதால் ஸ்கூபலை முதல் ஐந்துக்குள் எடுத்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஸ்டீலுக்கு அங்கே மதிப்பு எவ்வளவு என்று விதிப் பக்கத்தில் பார்த்த பிறகே விட்டையும் ராமிரெஸையும் வரிசைப்படுத்துங்கள். வாரா வாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் லீக்கில் அக்குன்யா மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் துணியலாம். ஏப்ரலில் தோற்றாலும் ஆகஸ்டில் ஆள் திரும்பி வந்தால் பிளேஆஃபில் உதவுவார். ரோட்டிசரியில் ஏப்ரல் ஹோம் ரன்னும் செப்டம்பர் ஹோம் ரன்னும் ஒரே கணக்கு.

கடைசியாக, ஏழாம் இடம் எனக்கு விழுந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால்: ஏழில் ராமிரெஸ். 18-ல் குரோஷே, இல்லையென்றால் ஸ்கீன்ஸ், இருவரும் போய்விட்டால் அவுட்ஃபீல்டில் மிச்சமிருப்பவர்களில் சராசரி கெடாத ஒருவர். 31-ல், 18-ல் எதை எடுக்கவில்லையோ அது. இந்தப் பெயர்களை முன்கூட்டியே க்யூவில் ஏற்றி வைத்துவிடுங்கள். இணைப்பு அறுந்து கடிகாரம் ஓடிவிட்டால் தளமே தன் பட்டியலில் மேலே இருக்கும் பெயரை எடுத்துக் கொடுத்துவிடும், அந்தப் பட்டியலுக்கு உங்கள் அணியில் ஏற்கெனவே மூன்று ஷார்ட்ஸ்டாப் இருப்பது தெரியாது.